செம்புக் குழாயில் ஒரு சுருள்

எண்ணெய் அழுத்தமானியின் முள் சுழியத்தில் விழுந்தபோது நாம் கடலூரிலிருந்து திரும்பி, அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, முருங்கப்பாக்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். வண்டி 1978இல் பதிவான அம்பாசடர், மார்க் 3. ஓட்டத்தில் தடுமாற்றம் ஏதும் இல்லை. ஓசையிலும் மாற்றம் இல்லை. முள் மட்டும் செத்துக் கிடந்தது. உடனே இயந்திரத்தை நிறுத்தி, ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து பார்த்தால் கருத்த எண்ணெய் உட்சுவரெங்கும் தெறித்து வழிந்துகொண்டிருந்தது. பின்னால் தார்ச்சாலையில் நீண்ட தொலைவுக்கு ஒரு கோடு.

இலக்கியம் பேசும் இடத்தில் எண்ணெய்க் குழாய்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பழைய ஏடு ஒன்றில் எழுத்து சிதைந்திருந்தால், சிதைந்தது எப்படி என்று பார்க்கிறோம். பூச்சி அரித்ததா, எழுதியவன் கை தவறியதா, பின்னால் வந்தவன் திருத்தப் போய்க் கெடுத்தானா என்று ஆராய்கிறோம். அதற்குப் பதிப்பியல் என்று பெயர் சூட்டி, தாள் வைத்துத் தேர்வும் நடத்துகிறோம். அதே ஆராய்ச்சியை நெல்லித்தோப்பில் தகரக் கொட்டகை ஒன்றில் கிரீஸ் படிந்த கையோடு செய்பவருக்கு நாம் தரும் பெயர் 'மெக்கானிக்'. இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் குழாய் எது என்பதைச் சொல்லிவிடுவோம். இக்கால வண்டிகளில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கொன்று எரியும், அவ்வளவுதான். நம் வண்டியில் இருப்பது பழைய முறை. இயந்திரக் கட்டையில் எண்ணெய் பாயும் வழியிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கிளம்பி, ஓட்டுநருக்கு முன்னுள்ள தகட்டுச் சுவரைத் துளைத்து, அழுத்தமானி வரை வருகிறது. எண்ணெயே நேராக வந்து முள்ளைத் தள்ளுகிறது. இந்தக் குழாய் உடைந்தால் இரண்டு தீங்குகள் ஒருசேர நேரும். முள் விழுந்துவிடுவதால் உள்ளே அழுத்தம் உண்டா இல்லையா என்று தெரியாது. உடைந்த வாயின் வழியே எண்ணெய் முழு அழுத்தத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும். இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இயந்திரம் இறுகியிருக்கும்.

அது ஏன் என்பதற்கு ஓர் அழகான வரலாறு உண்டு. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியாளர் தொடர்வண்டிச் சக்கர அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாங்கியின் தலையில் எண்ணெய் விடுவதற்கென ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக மேலெழுந்து வெளியே வந்தது. ஒரு முளையை அடித்து அடைத்தார். முளையையும் எண்ணெய் தள்ளி வெளியேற்றியது. சுழலும் அச்சு தனக்கும் தாங்கிக்கும் இடையில் எண்ணெயை இழுத்து, அதன் அழுத்தத்தின்மேல் தான் மிதக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். நாம் ஏறிச்செல்லும் ஒவ்வொரு வண்டியிலும் எஃகுத் தண்டு எஃகின்மேல் உருளவில்லை. முடியின் பருமன்கூட இல்லாத ஓர் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். அரசுச் சொல்லகராதிகள் 'மசகெண்ணெய்' என்கின்றன. பட்டறையில் அச்சொல்லை ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. அங்கே அது 'ஆயில்'.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு முதலில் போனது பெரிய பணிமனை ஒன்றுக்கு. பெயர் வேண்டாம். குளிரூட்டிய வரவேற்பறையில் அமர வைத்து, தேநீர் கொடுத்து, இருபது நிமிடம் கழித்து வந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சார், இதுக்குப் பார்ட் நம்பரே சிஸ்டம்ல வரல. பேசாம ஸ்கிராப்புக்குக் குடுத்துட்டு புதுசு பாருங்க. நல்ல எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு." அவர்மேல் நமக்கு வருத்தமில்லை. கணினியில் எண் இல்லாத பொருள் அவரைப் பொறுத்தவரை உலகில் இல்லை. அப்படித்தான் அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

பிறகுதான் நெல்லித்தோப்பு. அங்கே முதலில் பார்த்தவர் மேஸ்திரியின் கையாள், இருபது வயதுப் பிள்ளை. உடைந்த முனையை இடுக்கியால் மடித்து, சுத்தியால் நசுக்கிவிட்டால் கசிவு நின்றுவிடும் என்றார். உண்மைதான். வழியில் அகப்பட்டுக்கொண்டவர்கள் அப்படிச் செய்துதான் வீடு சேர்கிறார்கள். "ஓடும் சார், மீட்டர்தான் காட்டாது" என்றார். உள்ளேயிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்: "மீட்டர் காட்டாம ஓட்டுறதுக்கு அவருக்கு மீட்டர் எதுக்குடா?"

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். உடைந்த குழாயைக் கழற்றி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்தார். விரிசல், கட்டையோடு சேரும் நட்டை ஒட்டினாற்போல், குழாயைச் சுற்றி வட்டமாக விழுந்திருந்தது. நாம் குழாய் துருப்பிடித்து இற்றுவிட்டதோ என்றோம். செம்பு துருப்பிடிக்காது என்பது ஏழாம் வகுப்புப் பாடம்; அவசரத்தில் அதுவும் மறந்துபோனது. அவர் சிரிக்கவில்லை.

"இது பைப்போட தப்பு இல்ல சார். கட்டினவன் தப்பு. எஞ்சினு ரப்பர் மேல உக்காந்திருக்கு, ஆடிக்கிட்டே இருக்கும். பாடி ஆடாது. ரெண்டுத்துக்கும் நடுவுல போற பைப்புக்கு ஒரு சுத்து சுத்தி விட்டிருக்கணும். யாரோ இழுத்து நேரா கட்டிட்டான். எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது. தொடக்கத்தில் அந்தக் குழாயில் வளையம்போல ஒரு சுருள் இருந்திருக்க வேண்டும். இயந்திரத்தின் அதிர்வைச் சுருள் வாங்கிக்கொள்ளும். நட்டின் கழுத்துவரை போகவிடாது. எப்போதோ ஒருமுறை பழுதுபார்த்தவர் உடைந்த பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை நீட்டி நேராக்கிக் கட்டியிருக்கிறார். செம்பு, ஆட ஆட முறுக்கேறிக் கடினமாகும். கடினமான பிறகு வளையாது, விரிசல் விடும். அதாவது, போன பழுதுநீக்கமே இந்தப் பழுதுக்குக் காரணம். மூலத்தில் இருந்த ஒரு சொல்லை மிகை என்று கருதி நீக்கிய பதிப்பாசிரியனை நாம் பல இடங்களில் சந்தித்திருக்கிறோம். இங்கே அவனை ஓர் எண்ணெய்க் குழாயில் கண்டோம். தகட்டுச் சுவரின் துளையில் இருக்கவேண்டிய ரப்பர் வளையமும் இல்லை; குழாய் தகரத்தின் விளிம்பில் உராய்ந்து பாதி தேய்ந்திருந்தது. அடுத்த உடைப்பு அங்கே காத்திருந்தது என்றார்.

புதிய குழாய் வாகன உதிரிக் கடையிலிருந்து வரவில்லை. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையிலிருந்து அதே பருமனில் செம்புக் குழாய் வாங்கிவரச் சொன்னார். பழைய குழாயின் இரு முனைகளிலும் இருந்த பித்தளை முனைகளையும் நட்டுகளையும் கழற்றிப் பிசிறு நீக்கி வைத்துக்கொண்டார். அவற்றின் மரை கெடவில்லை. வாங்கிவந்த குழாயை நெருப்பில் காட்டி, மங்கலாகச் சிவந்ததும் எடுத்துத் தண்ணீரில் முக்கினார். எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் இறுகும். செம்பை அப்படிச் செய்தால் இளகும். உலையில் ஒரே வேலை, இரண்டு உலோகத்தில் இரண்டு எதிர்மாறான பயன். இளகிய குழாயை ஒன்றரை அங்குல இரும்புக் குழாயின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருளாக்கினார். பித்தளை முனைகளைப் பற்றவைக்க மீண்டும் குளிர்சாதனக் கடைக்காரரையே அழைத்தார். ஈயப் பற்று போதாதா என்று கேட்டோம். ஈயம் அதிர்விலும் சூட்டிலும் விட்டுவிடும், வெள்ளி கலந்த கம்பியில்தான் பற்றவைக்க வேண்டும் என்று பதில் வந்தது. முனைகளில் செம்பு வாஷர்கள் மாற்றி, துளைக்கு ரப்பர் போட்டு, ஒன்றரை லிட்டர் எண்ணெய் ஊற்றி நிரப்பி, இயந்திரத்தை முடுக்கினார். முள் நடுங்கி எழுந்து ஐம்பது பவுண்டைத் தொட்டது. எல்லாமாக 900 ரூபாய். அதில் எண்ணெயின் விலைதான் பெரும்பகுதி.

ரப்பர் குழாய் ஒன்றை இரண்டு கிளிப் போட்டு மாட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கொதிக்கும் எண்ணெயும் அருகிலிருக்கும் இயந்திரச் சூடும் சாதாரண ரப்பரை ஒரு கோடையில் இளக்கிவிடும். ஆகவே பழுதுநீக்கம் எல்லாமே உயர்ந்தது என்று நாம் வாதிடவில்லை. நம் நாட்டில் 'எப்படியாவது ஓட வைப்பது' என்பதை ஒரு கலையாகப் புகழ்ந்து எழுதும் வழக்கம் வந்திருக்கிறது. அந்தப் புகழ்ச்சியில் நமக்கு உடன்பாடு இல்லை. இந்த வண்டியின் குழாயை நேராக இழுத்துக் கட்டியவரும் எப்படியாவது ஓட வைத்தவர்தாம். நாம் மதிப்பது உடைந்ததற்கான காரணத்தைப் படித்தறியும் அறிவை.

அந்த அறிவு இனி எங்கே வாழும் என்பதே நம் கவலை. ஒரு பழைய பொருள் நம் சட்டங்களின் கண்ணில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். 2021இல் வாகன அழிப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு அது 10,000 ரூபாய் ஆனது. அதே 2021இல் தொன்மை வாகனங்களுக்கென்று தனி விதிகளும் வந்தன: முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்து, பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாமல் இருந்தால் அதற்குத் தனிப் பதிவெண் கிடைக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துச் செல்லலாம். ஒரு பக்கம் காயலான் கடை, மறுபக்கம் காட்சிக்கூடம். வாரத்தில் இருமுறை கடலூர் போய்வரும் வண்டிக்கு இவ்விரண்டுக்கும் நடுவில் இடம் இல்லை.

மறுதரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் வண்டி புகை விடுவதில் இன்றைய வண்டிகளோடு ஒப்பிடவே முடியாது. இந்தியாவில் ஐரோப்பிய முறையிலான புகைக் கட்டுப்பாடு நாடு முழுவதற்கும் வந்ததே 2000இல்தான். 1978இல் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. காற்றுப்பைகள் இல்லை. பெருநகரம் ஒன்றில் இப்படிப்பட்ட இலட்சம் வண்டிகள் நாளெல்லாம் ஓடினால் குழந்தைகள் மூச்சுவிட முடியாது. 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் 15 ஆண்டைக் கடந்த வணிக வாகனங்களை நகரிலிருந்து அகற்ற உத்தரவிட்டதில் தவறு காண்பது கடினம். ஆயினும் தகுதியைச் சோதித்து முடிவு செய்வது ஒன்று. அகவையை மட்டும் பார்த்துக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போவது மற்றொன்று. பின்னதில் பழுதுபார்ப்பவரின் திறமைக்கு மதிப்பே இல்லை. வண்டியை எவ்வளவு செவ்வையாக வைத்திருந்தாலும் கட்டணம் ஒன்றுதான்.

நம் ஊரிலேயே இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. பழைய பிரெஞ்சுப் பகுதியில் ஒரு மஞ்சள் சுவரோரம் இந்த வண்டியை நிறுத்தினால் போதும், ஐந்து நிமிடத்தில் அதன்மேல் சாய்ந்து படம் எடுக்க ஆள் வந்துவிடும். அதே தெருக்களின் வீடுகளுக்கும் இந்தக் கதிதான். கவனிப்பாரற்று ஓடு சரிந்து கிடக்கும். இல்லையேல் சுண்ணம் பூசி, விளக்கு மாட்டி, விடுதியாகும். ஒரு குடும்பம் வாழ்ந்துகொண்டே, மழைக்கு முன் ஓடு மாற்றி, சுவரில் சுண்ணாம்பு அடித்துக் காப்பாற்றும் வீடுகளின் எண்ணிக்கை நம் கண்முன்னே குறைந்துவருகிறது. கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பல ஆண்டு பேசப்பட்டு, பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அழகாகத்தான் இருக்கிறது. இடிவதற்கு முன் ஆண்டுதோறும் கூரையில் ஏறிக் கசிவை அடைக்க ஒரு கொத்தனாரை அனுப்பியிருந்தால் ஆகியிருக்கும் செலவை யாரும் கணக்கிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே 2014ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்த அந்த உருவம், இயந்திரங்கள் மாறியபோதும் பெரிதாக மாறாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அதன் குறைகளைச் சொல்லப் போனால் இன்னொரு கட்டுரை வேண்டும். போட்டி இல்லாத சந்தை அதைச் சோம்பேறியாக்கியது. ஆனால் மாறாமல் இருந்ததில் ஒரு நன்மை விளைந்தது. நாட்டின் எந்தச் சிற்றூரிலும் அதைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவர் இருந்தார். 2017இல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி வெளியேறிய ஊரில் ஓடும் இந்த வண்டியின் பெயர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதை மேஸ்திரியிடம் சொன்னோம். "பேர வாங்கி என்ன சார் பண்ணுவாங்க?" என்றார்.

பிரான்சு வேறொரு காரியமும் செய்திருக்கிறது. 2021 சனவரி முதல் அங்கே விற்கும் கைப்பேசி, மடிக்கணினி, துணி துவைக்கும் எந்திரம் போன்றவற்றின் மேல், அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. இந்திய நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. எல்லாம் நல்லவையே. ஆனால் உரிமை இருந்தும் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்னும் கேள்வியை இவை தொடவில்லை. நம் மேஸ்திரியின் கையாள் அடுத்த ஆண்டு மின்வண்டிப் பணிமனை ஒன்றில் சேரப் போகிறார். அது அவருக்கு நல்லது. மேஸ்திரிக்குப் பிறகு அந்தக் கொட்டகை இருக்காது.

தமிழ் படித்த நமக்கு இதில் ஒரு கடன் உண்டு. நம் ஊரில் நெடுங்காலம் வாழ்ந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் சொற்களைத் திரட்டி அகராதி ஆக்கினார். உழவனின் சொல் அகராதிக்குத் தகுதியுடையது என்று அவர் காட்டிய பிறகும், பட்டறைச் சொல்லை நாம் கொச்சை என்றோ ஆங்கிலம் என்றோ ஒதுக்கிவிட்டோம். அன்று பிற்பகல் முழுவதும் மரை, பிசிறு, பற்று, இளக்குதல், முறுக்கேறுதல், நூல் என்று நல்ல தமிழ் நம் காதில் விழுந்துகொண்டிருந்தது. எட்டில் ஒரு அங்குலத்துக்கு 'நூல்' என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருப்பதை மாணவர் எத்தனை பேர் அறிவார்? 'மரை கழன்றவன்' என்று ஏசத் தெரிந்தவர்களில் மரையைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

உப்பு வணிகர் வண்டியில் மாற்று அச்சு ஒன்றைக் கீழே கட்டிக்கொண்டு போன செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டு சொல்கிறது. ஔவையார் அதைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியக்கூடும் என்று அந்த வணிகருக்குத் தெரியும். வழியில் மாற்றிக்கொள்ளவும் தெரியும். உவமையை நாம் ஆண்டுதோறும் விளக்குகிறோம். அச்சை மாற்றுவது எப்படி என்று இதுவரை ஒரு மாணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நமக்கும் பதில் தெரிந்திருக்காது.

இலாசுப்பேட்டையில் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது; தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கிழமைக்கு ஒரு மாலை, சான்றிதழ் இல்லாத இந்த மேஸ்திரிகளில் ஒருவரை அங்கே அழைத்து, மதிப்பூதியம் தந்து, உடைந்த பொருளைக் கையில் வைத்துப் பேசச் சொல்லலாம். பக்கத்தில் தமிழ்த்துறை மாணவர் இருவர் அமர்ந்து, அவர் பேசுவதை அப்படியே பதிந்துகொள்ளலாம். பொறியியல் மாணவருக்குப் பாடம், நமக்குச் சொல்லகராதி. இதைக் கல்லூரிக் கூட்டம் ஒன்றில் சொன்னபோது ஒரு நண்பர், "அவருக்கு என்ன தகுதியின் அடிப்படையில் மதிப்பூதியம் வழங்குவது?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம்.

2028இல் நம் வண்டிக்கு ஐம்பது நிறையும். அப்போது அதைத் தொன்மை வாகனமாகப் பதிந்து கொட்டகையில் நிறுத்துவதா, ஆண்டு கடந்த வாகனமாகவே கட்டணம் கட்டி ஓட்டுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இப்போதைக்குப் புதுக் குழாயின் நட்டு, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை இறுக்கிப் பார்க்கப்பட வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. அதற்குமேல் கொட்டகையில் வெயில் தாங்காதாம்.